பஞ்சபாண்டவர் படுக்கையில் படுத்தது யார்?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், இயற்கையான குகைகளுக்குள் பாறையைச் செதுக்கி வழுவழுப்பாக்கிய படுக்கைகள் இருக்கின்றன. யாருடையவை என்று ஊர்க்காரர்களைக் கேட்டால், "பஞ்சபாண்டவர் படுக்கை" என்பார்கள். வனவாசத்தின்போது பாண்டவர் ஐவரும் இங்கே தங்கினார்களாம்!

இந்தக் கதை மதுரையோடு நிற்கவில்லை. ஆற்காடு அருகே சமணச் சிற்பங்கள் உள்ள ஒரு குன்றின் பெயரே பஞ்சபாண்டவர் மலைதான். மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில்களும் பாண்டவர் ரதங்களாகிவிட்டன. யார் செய்தது என்பது மறந்துபோன பழமைக்கெல்லாம் மக்கள் பாண்டவர் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் இருப்பவை 17 படுக்கைகள். ஐவருக்கு எதற்குப் பதினேழு?

உண்மையில் இங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள். ஓரிடத்தில் நிலையாகத் தங்காத இவர்கள், மழைக்காலத்தில் மட்டும் பயணத்தை நிறுத்துவார்கள். அப்போது ஒதுங்கத்தான் குகை. படுக்கையின் ஒரு முனையைத் தலையணைபோல உயர்த்தியிருப்பார்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டிவிடும்.

கல்லில் இருக்கும் பெயர்கள்

மாங்குளம் அருகே மீனாட்சிபுரம் மலைக் குகைகளில் ஆறு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. 1882-இல் ராபர்ட் சீவெல் இவற்றை வெளியுலகுக்குத் தெரிவித்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை 1960-களில் அடையாளம் கண்டவர் ஐராவதம் மகாதேவன். இவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவர் கணிப்பு.

அவரது வாசிப்பின்படி, நந்தசிரி குவன் என்ற மூத்த துறவிக்காகக் குகையைச் செதுக்கித் தந்தவர் நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி. இன்னொரு கல்வெட்டு, மன்னனுக்கு மைத்துனன் முறையான சடிகனைச் சொல்கிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் கொடை தந்திருக்கிறது. துறவி, அதிகாரி, வணிகர்கள் என்று ஒரு சமுதாயமே அந்தப் பாறையில் இருக்கிறது!

அந்த எழுத்து வழக்கொழிந்ததும் இந்தப் பெயர்களைப் படிக்க ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பாண்டவர் கதை புகுந்தது. கதையைக் குறை சொல்வதற்கில்லை. இது சாதாரணப் பாறை அல்ல என்பதைத் தலைமுறைகளுக்கு நினைவூட்டியது அதுதான். ஆனால் உண்மையான மனிதர்கள் அதற்குள் மறைந்துபோனார்கள்.

மலைக்கு வந்த ஆபத்து

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்று வட்டார மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. விவசாயம், நீர்நிலைகள் ஆகியவற்றோடு இந்தக் குகைகளும் கல்வெட்டுகளும் அந்த மக்களின் வாதத்தில் இடம்பெற்றிருந்தன.

மலையை வெட்டினால் கதை பிழைத்துக்கொள்ளும். வேறொரு குன்றில் பாண்டவர்களுக்குப் படுக்கை கிடைத்துவிடும். கடலன் வழுதிக்கோ இந்த ஒரு பாறைதான் இருக்கிறது. அடுத்த முறை யாராவது பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொன்னால், கதையைக் கேட்டுவிட்டு அவர் பெயரையும் சொல்லிவையுங்கள்.