சிம்ப்யூட்டரில் கம்பைலர் எங்கே இருந்தது?

தீபாவளிக்கு மல்லசமுத்திரம் போயிருந்தபோது அக்கா மகன் தன் ஸ்டீம் டெக்கைக் கையில் கொடுத்து, "மாமா, இதுலயே சி புரோகிராம் எழுதி ஓட்ட முடியுமா?" என்றான். கேம் விளையாடும் கருவிதான், ஆனால் உள்ளே இருப்பது ஆர்ச் லினக்ஸ். முடியாம என்ன என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

ஸ்டீம்ஓஎஸ் தன் சிஸ்டம் பகுதியைப் பூட்டி வைத்திருக்கும், படிக்க மட்டும்தான் விடும். பூட்டைத் திறந்து, பேக்மேன் வழியாக ஜிசிசி போட்டு, முதல் புரோகிராமைக் கொடுத்தால் 'எஸ்டிடிஐஓ ஹெடர் இல்லை' என்கிறது. சி லைப்ரரி இருக்கிறதே என்று பார்த்தால், பேக்மேன் கணக்கில் இருக்கிறது. ஹெடர் கோப்புகளை மட்டும் உருவி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்! லைப்ரரியை மறுபடி நிறுவினால்தான் வரும். அதுவும் அடுத்த அப்டேட் வரைக்கும்தான். அப்டேட் என்பது சிஸ்டம் பகுதியையே மொத்தமாக மாற்றிவிடும், ஹோம் மட்டும் தப்பும்.

இந்தக் கடுப்பில்தான் சிம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. நான் பி.இ. படித்த காலத்தில் பேப்பரில் அடிபட்ட பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து, 2001 ஏப்ரலில் முன்மாதிரியைக் காட்டினார்கள். ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி ராம், 320க்கு 240 திரை, லினக்ஸ். ஒரு ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்பது யோசனை. வன்பொருள் வடிவமைப்புக்கே ஜிபிஎல் மாதிரி ஒரு லைசன்ஸ் எழுதினார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

2004இல் பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அமிடா சிம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கருவியைச் சாய்த்தால் அதை உணரும் சென்சார் அதில் இருந்தது. சாய்த்துச் சாய்த்தே கேம் ஆடலாம். ஐபோன் வர இன்னும் மூன்று வருஷம்.

ஆனால் அந்த கேமை எழுதியது எங்கே? பிசியில். அங்கே கிராஸ் கம்பைலரில் ஆர்ம் சிப்புக்கான பைனரியாக்கி, பிறகுதான் கருவிக்கு ஏற்ற வேண்டும். ராம் போதாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அதே 32 எம்பி ராமில் எங்கள் காலேஜ் லேப் பிசிக்கள் சி கம்பைல் பண்ணின. சிம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இல்லை, கீபோர்டு இல்லை, ஒரு ஸ்டைலஸ்தான். கம்பைலரை உள்ளே வைத்தாலும் யார் தட்டுவது?

எங்க பக்கம் போர்வெல் ரிக் லாரி ஒடிசா போனாலும் வெல்டிங் செட்டும் ஸ்பேனர் பெட்டியும் லாரியிலேயே போகும். நடுக்காட்டில் பைப் விட்டுப்போனால் திருச்செங்கோடு பட்டறைக்கா ஓடி வர முடியும்? சிம்ப்யூட்டர் கிராமத்துக்கு என்று கிளம்பியது, ஸ்பேனர் பெட்டி பெங்களூரிலேயே நின்றுவிட்டது. விற்றது சில ஆயிரம்தான். விலை, செல்போன் என்று காரணம் சொல்வார்கள், இரண்டும் சரிதான். என் கணக்கில் இதுவும் ஒன்று. லைசன்ஸ் திறந்திருந்தது. ஆனால் மல்லசமுத்திரத்தில் பிசி இல்லாத ஒரு பையனால் அதில் ஒரு வரி சேர்த்திருக்க முடியாது.

ஸ்டீம் டெக்கில் 16 ஜிபி ராம் இருக்கிறது, கீபோர்டையும் சொருகலாம். கடைசியில் பூட்டைத் திறந்தபடியே விடாமல், ஸ்டீம்ஓஎஸ் 3.5 முதல் கூடவே வரும் டிஸ்ட்ரோபாக்ஸில் ஒரு கன்டெய்னர் போட்டு, ஜிசிசி, கிட், ஜிடிபி எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். அது ஹோமுக்குள்தான் உட்காரும்.

போன வாரம் போன் பண்ணினான். "மாமா, அப்டேட் வந்துருச்சு. டப்பா அப்படியே இருக்கு."