ரிக்கி பாண்டிங்: மைதானம் பராமரித்த சிறுவன் முதல் ஐபிஎல் பயிற்சியாளர் வரை... பணமும் புகழும் சேர்ந்தது எப்படி?

"பாண்டிங் பேட்டுக்குள்ள ஸ்பிரிங் இருந்துச்சாம்... மேட்சை மறுபடியும் நடத்தப் போறாங்களாம்!" 2003 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியா தோற்ற பிறகு, பள்ளிக்கூட மைதானங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத 90ஸ் கிட்ஸ் இருக்க முடியாது. ஸ்பிரிங்கும் இல்லை, மறு மேட்சும் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் 121 பந்துகளில் 140 ரன், அதில் 8 சிக்ஸர். ஆஸ்திரேலியா குவித்த 359 ரன்களுக்கு முன்னால் இந்தியா 125 ரன்களில் தோற்றது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று இந்திய ரசிகர்களை அழ வைத்த அதே பாண்டிங், இன்று இந்திய வீரர்களை உருவாக்கும் பயிற்சியாளர். அவரோட சொத்து மதிப்பு இத்தனை கோடி, அத்தனை கோடி என்று இணையத்தில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. உண்மையில் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? விளையாடுவதை நிறுத்தி 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மவுசு குறையாதது ஏன்? பார்க்கலாம்.

யார் இந்த பாண்டிங்?

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் தீவு மாநிலம் டாஸ்மேனியா. அங்குள்ள லான்செஸ்டன் நகரில் 1974 டிசம்பர் 19-ல் பிறந்தவர் பாண்டிங். வளர்ந்தது மவ்ப்ரே என்ற உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில். தாய்மாமா கிரெக் கேம்ப்பெல் ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடியவர் என்பதால், கிரிக்கெட் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

13 வயதுக்குட்பட்டோர் தொடர் ஒன்றில் ஒரே வாரத்தில் 4 சதம் அடித்தார். அதைப் பார்த்த கூக்கபுரா நிறுவனம், 12 வயது பையனுக்கு பேட் ஸ்பான்சர் செய்தது. பாண்டிங்கின் முதல் 'கான்ட்ராக்ட்' அதுதான்.

ஆனா குடும்பத்தில் பெரிய வசதி கிடையாது. 10-ம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, லான்செஸ்டனில் ஒரு தனியார் பள்ளியின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். அடுத்து அடிலெய்டு கிரிக்கெட் அகாடமி. நாய்ப் பந்தயத்தில் காசு கட்டும் பழக்கம் இருந்ததால், அங்கே ஷேன் வார்னே வைத்த பட்டப்பெயர் 'பண்டர்'. பந்தயம் கட்டுபவர் என்று அர்த்தம். இன்று வரை அவரை ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

17 வயதில் டாஸ்மேனியா அணி. 1995-ல் ஆஸ்திரேலிய அணி. இலங்கைக்கு எதிராக பெர்த்தில் ஆடிய முதல் டெஸ்டில், சமிந்த வாஸ் பந்தில் எல்பிடபிள்யூ ஆகி 96 ரன்னில் வெளியேறினார். 4 ரன்னில் சதம் போச்சு.

வழி தவறி, திரும்பி வந்தது எப்படி?

1999 ஜனவரியில் சிட்னியில் ஒரு மதுக்கூடத்தில் தகராறு. பிறகு கண் வீங்கிய நிலையில் பத்திரிகையாளர்கள் முன் வந்து, தனக்குக் குடிப்பழக்கப் பிரச்னை இருப்பதை ஒப்புக்கொண்டார். 3 போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2002-ல், ஒருநாள் அணியின் கேப்டன் ஆனார். 2004-ல் டெஸ்ட் கேப்டன் பதவியும் வந்தது.

எண்களில் பாண்டிங்:

• டெஸ்ட்: 168 போட்டி, 13,378 ரன், 41 சதம், சராசரி 51.85
• ஒருநாள்: 375 போட்டி, 13,704 ரன், 30 சதம்
• உலகக் கோப்பை: 1999-ல் வீரராக, 2003, 2007-ல் கேப்டனாக, மொத்தம் 3
• கேப்டனாக 77 டெஸ்டில் 48 வெற்றி
• தன் 100-வது டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம்

கசப்பான பக்கமும் உண்டு. 2001 இந்தியத் தொடரில் 5 இன்னிங்ஸில் எடுத்தது வெறும் 17 ரன். ஐந்து முறையும் விக்கெட் எடுத்தவர் ஹர்பஜன் சிங். கேப்டனாக 2005, 2009, 2010-11 என மூன்று ஆஷஸ் தொடர்களை இங்கிலாந்திடம் இழந்தார். 2012 டிசம்பரில், அறிமுகமான அதே பெர்த்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். எடுத்த ரன்கள் 4, 8.

பயிற்சியாளர் ஆனது எப்படி?

ஐபிஎல்-லில் வீரராக பாண்டிங் ஜொலிக்கவில்லை. 2008-ல் கொல்கத்தா அணி அவரை 4 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் ரூ.1.6 கோடி. 2013-ல் அதே 4 லட்சம் டாலருக்கு மும்பை அணி வாங்கி, கேப்டன் ஆக்கியது. 6 போட்டிகளில் 52 ரன் மட்டுமே வந்தது.

அப்போ அவர் எடுத்த முடிவுதான் திருப்புமுனை. ரன் வராத தன்னைத் தானே அணியிலிருந்து நீக்கிக்கொண்டார். கேப்டன் பொறுப்பு ரோகித் சர்மாவுக்குப் போனது. இரண்டு உலகக் கோப்பை வென்ற கேப்டன், டக்அவுட்டில் உட்கார்ந்து இளைஞர்களுக்கு ஆலோசனை சொன்னார். அந்த ஆண்டு மும்பை முதல் முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது.

2015-ல் அதே மும்பைக்குத் தலைமைப் பயிற்சியாளர். முதல் 4 போட்டிகளிலும் தோல்வி. அங்கிருந்து எழுந்து வந்த அணி, இறுதிப்போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸை 41 ரன்னில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.

2018 முதல் 2024 வரை டெல்லி. முதல் சீசனில் கடைசி இடம். பாதியில் கவுதம் கம்பீர் கேப்டன் பதவியிலிருந்து விலக, 23 வயது ஷ்ரேயாஸ் ஐயர் கேப்டன் ஆனார். 2019-ல் பிளே ஆஃப், 2020-ல் இறுதிப்போட்டி. ஆனா கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை.

அஸ்வினோடு என்ன பிரச்னை?

2019-ல் பஞ்சாப் கேப்டனாக இருந்த அஸ்வின், பந்து வீசும் முன் கிரீஸை விட்டு வெளியேறிய ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். அடுத்த ஆண்டு அவர் டெல்லிக்கு வந்தபோது, தன் அணியில் இப்படி ஆடக் கூடாது என்று பாண்டிங் வெளிப்படையாகச் சொன்னார். அது விதிப்படி சரியே என்பது அஸ்வின் தரப்பு.

இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அந்த சீசனில் பெங்களூருவுக்கு எதிராக ஆரோன் ஃபின்ச் கிரீஸை விட்டு நகர்ந்தபோது, அஸ்வின் அவுட் செய்யாமல் எச்சரிக்கையோடு விட்டார். பின்னாளில், 2022-ல், இந்த முறையை 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து எடுத்து சாதாரண ரன் அவுட் விதிக்கு மாற்றியது எம்சிசி. அந்த வகையில் அஸ்வின் வாதமே வென்றது. கருத்து வேறுபாடு இருந்தும் ஒரே அணியில் வேலை நடந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பஞ்சாப்பில் நடந்தது என்ன?

2024-ல் டெல்லியை விட்டு பஞ்சாப் கிங்ஸுக்கு வந்தார். ஏலத்தில் பழைய சிஷ்யன் ஷ்ரேயாஸை ரூ.26.75 கோடி கொடுத்து அணிக்குக் கொண்டுவந்தார்கள். 2014-க்குப் பிறகு பிளே ஆஃப் பக்கமே போகாத பஞ்சாப், 2025-ல் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 111 ரன்னில் சுருண்டும், எதிரணியை 95 ரன்னில் மடக்கி ஜெயித்தது. ஐபிஎல் வரலாற்றில் வெற்றிகரமாகக் காக்கப்பட்ட மிகக் குறைந்த ஸ்கோர் அது.

இறுதிப்போட்டியில் பெங்களூருவிடம் 6 ரன்னில் தோல்வி. மறுபடியும் ஒரு படி முன்னால் நின்றுபோனது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இணையத்தில் சுற்றும் 'நெட் வொர்த்' தொகைகள் எதுவும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அல்ல. வீரர்களின் ஏலத்தொகை பகிரங்கமாகத் தெரியும். பயிற்சியாளர் சம்பளம் அந்த ஏலக் கணக்குக்குள் வராது, அணிகள் அதை அறிவிப்பதும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு தொகை. வருமானம் வரும் வழிகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன:

• பயிற்சி: ஐபிஎல்-லில் பஞ்சாப், அமெரிக்காவின் எம்எல்சி தொடரில் வாஷிங்டன் ஃப்ரீடம். இந்த அமெரிக்க அணி 2024-ல் சாம்பியன்.
• ஆலோசனை: பிக்பாஷில் சொந்த மாநில அணியான ஹோபார்ட் ஹரிகேன்ஸின் வியூகத் தலைவர். 2025 ஜனவரியில் அந்த அணி முதல் முறையாகக் கோப்பை வென்றது.
• வர்ணனை: ஆஸ்திரேலியாவின் சேனல் 7.
• விளம்பரம்: கூக்கபுரா, ரெக்சோனா, ஸ்விஸ் போன்ற பிராண்டுகள். அவர் பெயரிலேயே வீடியோ கேமும் வந்தது.
• தொழில்: 'பாண்டிங் வைன்ஸ்'. அதில் ஒரு வைனின் பெயர் 'மவ்ப்ரே பாய்', பிறந்து வளர்ந்த பகுதியின் நினைவாக.

வெளியே போன பணமும் உண்டு. 2008-ல் மனைவி ரியானாவோடு சேர்ந்து, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக பாண்டிங் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

இந்திய அணி வாய்ப்பை ஏன் வேண்டாம் என்றார்?

2024-ல் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவி பற்றித் தன்னிடம் பேசப்பட்டதாகவும், தன் வாழ்க்கை முறைக்கு அது ஒத்துவராது என்றும் பாண்டிங் சொன்னார். முன்னாள் ஆஸ்திரேலிய வீரர் யாரையும் அணுகவில்லை என்று பிசிசிஐ செயலாளராக இருந்த ஜெய் ஷா மறுத்தார். கடைசியில் அந்தப் பதவிக்கு வந்தவர், டெல்லியில் பாண்டிங்கின் கீழ் கேப்டனாக இருந்த அதே கம்பீர்.

பாண்டிங் சொன்ன கணக்கு எளிமையானது. தேசிய அணி என்றால் ஆண்டுக்கு 10, 11 மாதம் வேலை. ஐபிஎல் அணியை விட வேண்டும். குடும்பத்தோடு இருக்க நேரம் கிடைக்காது. 2022 டிசம்பரில் பெர்த்தில் வர்ணனையின்போது நெஞ்சு வலி வந்து மருத்துவமனைக்குப் போனவர் அவர். ஷேன் வார்னே, ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் இருவரையும் இழந்ததும் அதே ஆண்டில்தான்.

அப்போ உண்மையான சொத்து எது?

2020 டிசம்பர், அடிலெய்டு டெஸ்ட். டெல்லியில் தன்னிடம் பயிற்சி பெற்ற பிரித்வி ஷா பேட் செய்ய வருகிறார். உள்ளே வரும் பந்துக்கு பேட்டுக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி விடுவார், ஸ்டார்க் அங்கேதான் குறி வைப்பார் என்று வர்ணனையில் சொல்கிறார் பாண்டிங். அடுத்த பந்தே, அந்த இடைவெளி வழியாக ஷா போல்டு.

பயிற்சி, வர்ணனை, வியூகம் என எந்த வேலையாக இருந்தாலும் அணிகளும் சேனல்களும் காசு கொடுத்து வாங்குவது இந்தக் கண்ணைத்தான். வீரராக 3 உலகக் கோப்பை ஜெயித்தவருக்கு, தலைமைப் பயிற்சியாளராக 2025 வரை கிடைத்த ஐபிஎல் கோப்பை ஒன்றே ஒன்று. 'பண்டர்' என்று பெயர் வாங்கியவர், அந்த இரண்டாவது கோப்பைக்காகத்தான் இன்னும் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்.