அம்புலிமாமா சங்கர்

வாலாஜாபாத் பேருந்து நிலையக் கடையில் அம்புலிமாமா வாங்கிய நாட்களில், கதைக்கு முன்பே நம்மை ஈர்த்தது அந்தப் படம்தான்: உருவிய வாள், தோளில் பிணம், அஞ்சாத விக்கிரமன். வரைந்தவர் யாரென்று நாம் கேட்டதேயில்லை.

அவர் கே.சி.சிவசங்கரன், சுருக்கமாகச் சங்கர். கொங்கு நாட்டில் 1924-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1946-இல் கலைமகளில் சேர்ந்தார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவுக்கு 1952-இல் வந்தவர், ஏறத்தாழ அறுபதாண்டுகள் அங்கேயே வரைந்தார்.

அவ்விதழ் பல மொழிகளில் வெளியானது. எழுத்து மொழிக்கு மொழி மாறியது; படம் மாறவில்லை. தெலுங்குச் சிறுவனும் தமிழ்ச் சிறுமியும் ஒரே விக்கிரமனைக் கண்டனர். அரண்மனைத் தூண், ஆடையின் மடிப்பு, முருங்கை மரத்து இருள் என 'முன்னொரு காலம்' எப்படியிருக்கும் என்பதை நம் தலைமுறைக்குச் சொன்னவை பெரிதும் அக்கோடுகளே. எனினும் இலக்கிய வரலாறு நடத்தும் நாம், சிறுவர் இலக்கியம் என்றதும் எழுதியவர்களை மட்டுமே பட்டியலிடுகிறோம். வகுப்பில் ஒருமுறைகூட இவர் பெயரை நாம் சொன்னதில்லை. வெட்கத்துடனேயே இதை எழுதுகிறோம்.

2013-இல் இதழ் நின்றது. 2020 செப்டம்பரில் சங்கர் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில்.