போனும் பொக்கட்டும்: பிரான்ஸில் நடந்த கதை



போன் கதிர்வீச்சு பற்றி வோட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நாம் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த விடயத்தைச் சட்டம் போட்டே கையாண்ட ஒரு நாட்டின் கதை மட்டும் நம்மிடம் அதிகம் வருவதில்லை.

2010 ஜூலையில் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்துப் போன் விளம்பரம் செய்யக்கூடாது. விற்கும் ஒவ்வொரு போனோடும் ஹெட்செட் கொடுக்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கல்ல, போனைத் தலையிலிருந்து தள்ளி வைத்துக் கதைப்பதற்கு. (2021இல் இந்த ஹெட்செட் விதியை எடுத்துவிட்டார்கள். இலத்திரனியல் குப்பை கூடுகிறது என்பது காரணம்.)

2011 மே மாதம், அதே நாட்டின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இக்கதிர்வீச்சை 2பி பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் மட்டுப்பட்டது என்பதுதான் அதன் பொருள். நம் குழுக்களில் இதன் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது. 2024இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த மீளாய்வு, போன் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. அதையும் சேர்த்து அனுப்புவதுதான் நியாயம்.

கதையின் முக்கியமான இடம் அளவீடு. தலைக்கும் உடலுக்கும் ஐரோப்பிய எல்லை கிலோகிராமுக்கு 2 வாட். தலைக்கு அளக்கும்போது போனைக் காதோடு ஒட்டி வைத்தார்கள். உடலுக்கு அளக்கும்போதோ 25 மில்லிமீட்டர் வரை தள்ளி வைக்க நிறுவனங்களுக்கு இடமிருந்தது. எவருடைய காற்சட்டைப் பொக்கட்டில் ஓர் அங்குல இடைவெளி இருக்கிறது? 2015இல் பிரான்ஸின் அலைவரிசை முகவரகம் 95 போன்களை உடலோடு ஒட்டி அளந்தது. பத்தில் ஒன்பது அளவு 2 வாட்டைத் தாண்டின. மார்க் அராஸி என்ற மருத்துவர் விடாமல் கேட்ட பிறகே, 2017இல் அந்த விபரங்கள் வெளியே வந்தன. அதற்கிடையில் 2016இல் ஐரோப்பா இடைவெளியை 5 மில்லிமீட்டராகக் குறைத்திருந்தது.

2023 செப்டம்பரில் அதே முகவரகம் ஐபோன் 12ஐக் கையில் பிடித்திருப்பது போல, இடைவெளியே இல்லாமல் அளந்தது. கை கால்களுக்கான எல்லை 4 வாட்; வந்தது 5.74. மூன்று வருடமாகக் கடையிலிருந்த போனின் விற்பனை உடனே நின்றது. எல்லைகள் ஆபத்தான அளவுக்குப் பல மடங்கு கீழே வைக்கப்பட்டவை என்பதால் எவருக்கும் நோய் வந்ததாகச் சொல்லவில்லை. நிறுவனம் மென்பொருளை மாற்றிக் கொடுத்து விடயத்தை முடித்தது.

நம் வீடுகளில் செய்ய இருப்பது செலவில்லாதது. தூரம் கூடக்கூட அலை வேகமாகக் குறையும். ஆகவே ஸ்பீக்கரில் கதைக்கலாம், தூங்கும் பிள்ளையின் தலையணைக்குக் கீழிருந்து போனை எடுத்து மேசையில் வைக்கலாம். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டித்தான் கோபுரத்தைத் தேடும். நீண்ட கதைகளை அங்கே வைத்துக்கொள்ளாமல், கவரேஜ் உள்ள இடத்துக்கு வந்து எடுக்கலாம்.