புகை வந்த வழியும் போகும் வழியும்

பெங்களூர் அல்சூரில், ஏரிக்கு அணித்தே, திருவள்ளுவர் சிலை ஒன்று உண்டு. 1991-இல் நிறுவப்பெற்ற அச்சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்று, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது. இதனை வெளிமாநிலத் தமிழர் பலரும் அறிவர். அச்சிலையின்முன் நின்று நாம் எண்ணத்தக்கது வேறொன்றும் உண்டு. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், புகைபிடித்தலைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. காரணம் எளிது: அவர் காலத்துத் தமிழகம் புகையிலையை அறியாது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுக்கீசியர் வாயிலாக அது நம் நாட்டிற்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. 1617-இல் மொகலாய மன்னர் ஜஹாங்கீர் அதனைத் தடுத்துப் பார்த்தார், தடை நிற்கவில்லை. தமிழ்நாட்டிலோ, சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுத்து, 'புகையிலை விடு தூது' என்றொரு நூல் பாடினார். புதிதாக வந்த பொருள் அத்துணை விரைவில் நம் வீட்டுப் பொருளாயிற்று.

அல்சூருக்குத் தமிழர் பெருகி வந்ததும் ஒரு வரலாறே. 1809-ஐ ஒட்டி ஆங்கிலேயர் இப்பகுதியில் கண்டோன்மென்ட் அமைத்தனர். சென்னை மாகாணத்துப் படையினரும், அவர்க்கு வேண்டியன செய்த வணிகரும் தொழிலாளரும் உடன் வந்து குடியேறினர். பின்னர் 1913-இல் இதே பெங்களூரில் சிகரெட்டுத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பல நாட்டுப் படைகளிலும் சிகரெட்டு வீரரின் உணவுப் பங்கோடு சேர்ந்தது. சுருட்டும் பீடியும் இருந்த இடத்தில் சிகரெட்டும் வந்து அமர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. புகை நம் பிறவிக்குணம் அன்று, வந்து சேர்ந்தது. வந்தது போகவும் கூடும்.

அது போதல் வேண்டும் என்பதற்குரிய சான்றினை 1950-இல் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோயின் காரணத்தைத் தேடிய அவ்வாராய்ச்சி முடியுமுன்னரே, டால் தாமே புகையை விட்டுவிட்டார். 1951-இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கண்ட மற்றோர் ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. முப்பது வயதில் புகையை விட்டவர் ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆயுளை மீட்டனர். நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டவரும் மூன்று. காலம் கடந்துவிட்டது என்று எவரும் சோர்தல் வேண்டா.

எனினும் அச்சம் மட்டும் ஒருவரை நெடுந்தூரம் நடத்திச் செல்வதில்லை. நோயின் பெயர் கேட்ட அன்று எறிந்த பெட்டியை, மறுநாள் தேநீர்க்கடையில் மீண்டும் வாங்குவோர் உளர். ஊர்விட்டு வந்தவர்க்கோ, வேலைக்கு இடையே உடன்புகைப்பவரே தோழராகவும் அமைகின்றனர். புகையை விட்டால் தோழமையும் போகுமோ என்னும் தயக்கம் எழுகிறது. ஆதலின் தமக்கே உரிய காரணம் ஒன்று வேண்டும்: மகளின் திருமணம், பேரனை ஏந்தும் ஆசை, ஊருக்கு அனுப்பும் பணத்தில் கூடும் சிறு தொகை. அதனைத் தெளிந்து, விடும் நாளைக் குறித்து, வீட்டாரிடமும் தோழரிடமும் கூறிவிடுதல் நன்று. தோழரும் துணையாவர். வேட்கை எழும்போது சில நிமிடங்கள் பொறுத்தால் அது தணியும். தவறினால் மீண்டும் தொடங்குதல் இழுக்கன்று.

துணையும் அணித்தே உள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் புகையிலையை விடுவோர்க்கான சிகிச்சை 2002 முதல் நடந்து வருகிறது. கட்டணமின்றி ஆலோசனை கூறும் தேசியத் தொலைபேசிச் சேவையின் எண் 1800-11-2356. நிம்ஹான்ஸும் அச்சேவையில் பங்குகொண்டு, தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளில் உதவுகிறது.

புகையிலையை அறியாத வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும், வினைத்திட்பத்திற்கு ஓர் அதிகாரமும் தந்து சென்றார். புகையை விட முனைவோர்க்கு வேண்டுவன அவ்விரண்டுமே.