தொண்ணூற்றாறு ஆடும் ஒரு விளக்கும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் அடித்தளத்தைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு. 1010இல் விமானத்துக்குக் கலசம் ஏற்றிய ராஜராஜன் தான் கொடுத்ததையும், அக்கன் குந்தவை கொடுத்ததையும், தேவியரும் அதிகாரிகளும் கொடுத்ததையும் அந்தக் கல்லில் வரிவரியாக வெட்ட ஆணையிட்டான். அந்த வரிகளில் கவிதை வாசம் அதிகமில்லை. பொன்னின் எடை, நெல்லின் அளவு, ஊரின் பெயர், ஆளின் பெயர், வட்டி விகிதம் என்று போகிறது. பக்தரைவிடத் தணிக்கையாளருக்கே அதிகம் பிடிக்கக்கூடிய வாசகம் அது.

ஒரு தர்ம காரியத்தைத் தொடங்குவதைவிட அதை நடத்திக்கொண்டே போவதுதான் கடினம் என்று இன்றைய தொண்டு நிறுவனங்கள் புலம்புகின்றன. சோழர் காலத்துக் கொடையாளர்களுக்கும் இதே கவலை இருந்தது. அவர்கள் கண்ட வழிகளில் மிக எளிமையானது விளக்கு அறம்.

கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய நொந்தா விளக்குக்குத் தினமும் ஓர் உழக்கு நெய் வேண்டும். நெய் வாங்கக் காசு கொடுத்தால் காசு தீர்ந்த அன்று விளக்கும் அணைந்துவிடும். ஆகவே கொடையாளர் ஆடுகளைக் கொடுத்தார். தஞ்சைக் கல்வெட்டுகளின் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 பெண்ணாடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். வேறு ஊர்களில் 90 ஆடு என்றும் வரும். கோயில் இந்த ஆடுகளைத் தானே வைத்துக்கொள்ளாமல் இடையர்களிடம் பிரித்துக் கொடுத்தது. இடையர் ஆட்டை மேய்த்து, நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலில் அளக்க வேண்டும்.

இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகும், கிழடாகும் என்பது கல் வெட்டியவருக்கும் தெரியும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து, மந்தையின் எண்ணிக்கை 96ஐவிட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வது இடையரின் கடமை என்பதே அதன் பொருள். முதலைத் தின்னக் கூடாது. முதலின் விளைச்சலைத்தான் எடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது கோயில் எவ்வளவு குறைவாகக் கேட்டது என்பதுதான். 96 ஆட்டின் பாலிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய் என்பது கசக்கிப் பிழியும் கணக்கில்லை. மீந்த பாலும் மோரும் பெருகும் குட்டிகளும் மேய்த்தவருக்கு. பஞ்சம் வந்தாலும் நோய் வந்தாலும் மந்தை மீண்டு எழ இடம் வைத்திருக்கிறார்கள். இடையருக்கு இதில் லாபம் இல்லாதிருந்தால் ஒரு தலைமுறைக்குள் ஆடு, விளக்கு இரண்டுமே காணாமல் போயிருக்கும்.

நம்பிக்கையை மட்டும் வைத்து ஆட்டை ஒப்படைத்துவிடவும் இல்லை. பெற்றுக்கொண்ட இடையரின் பெயரும் ஊரும் கல்லில் ஏறின. அவர் தவறினால் பதில் சொல்ல வேண்டிய உறவினர்களின் பெயர்களும் ஏறின. தம்பி, மகன், சிற்றப்பன் என்று ஒரு குடும்பமே பிணை நின்றது.

பணமாக வந்த கொடைக்கு வேறு ஏற்பாடு. கோயில் அதை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. நெல்லாக அளப்பதானால் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி. காசுக்கு இரண்டு கலம் நெல் என்ற அன்றைய விலையை வைத்துப் பார்த்தால் இரண்டு கணக்கும் ஒன்றுதான். ஆனால் நெல்லாக எழுதியவர் ஒரு படி புத்திசாலி. காசின் மதிப்பு காலப்போக்கில் தேயலாம். படையலுக்கு வேண்டிய சோற்றின் அளவு தேயாது. பிற்காலக் கல்வெட்டுகள் ‘அன்றாடு நற்காசு’ என்று குறித்து எழுதுவதைப் பார்த்தால் நாணயத்தின் தரம் எல்லோருக்கும் கவலையாகிவிட்டிருந்தது தெரிகிறது.

ஆடும் காசும் இப்படி நாடெங்கும் பரவியதில் அரசியலும் இருந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்தார். தஞ்சைக் கோயிலிடம் கடன் வாங்கிய ஊர், தஞ்சையோடு கட்டுண்ட ஊர். ராஜராஜன் கொடுத்தது பக்திக்காகவா ஆட்சிக்காகவா என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. இரண்டும் ஒரே கையால் செய்யப்பட்டவை.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பன்னிரண்டரை வட்டி என்றால் எட்டே ஆண்டில் வாங்கிய முதலுக்குச் சமமான தொகையைச் சபை கட்டி முடித்திருக்கும். ஆனால் கடன் தீராது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை கட்ட வேண்டும். கோயிலுக்கு நிரந்தர வருமானம் என்றால் ஊருக்கு நிரந்தரக் கடன். வாங்கிய பணத்தில் ஏரியைச் சீர்செய்து, தரிசை வயலாக்கிய ஊர் பிழைத்தது. மற்றவை திணறின. வட்டி பாக்கிக்காக நிலத்தையே கோயிலுக்கு எழுதிக் கொடுத்த சபைகளையும் கல்வெட்டுகளில் காணலாம்.

எதற்கெல்லாம் செலவு என்று எழுதியதில்தான் அந்தக் காலத்துக் கொடையாளர்களின் அனுபவம் தெரிகிறது. தஞ்சைக் கோயிலில் குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் ஆடல் மகளிருக்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களோடு கணக்கரும் இசைக்காரரும் தையல்காரரும் நாவிதரும் வண்ணாரும் தச்சரும் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறது. நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையென்றால் உடன் பணிபுரிவோர் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனரின் காலத்துக்குப் பின் யார் என்று யோசிக்காமலேயே மூடப்பட்ட அமைப்புகளை நினைத்தால், ஆயிரம் ஆண்டுக்கு முன் இதை யோசித்தவர்களை மெச்சத் தோன்றுகிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், ஏறக்குறைய 1069இல் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு இன்னும் சுவையானது. வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயிலிருந்து கோயிலோடு ஒரு பள்ளியும் மாணவர் விடுதியும் மருத்துவமனையும் நடந்தன. வீரசோழன் என்ற பெயருடைய அந்த ஆதுலர் சாலையில் பதினைந்து படுக்கைகள். ஒரு மருத்துவர், சத்திர சிகிச்சைக்குத் தனியாக ஒருவர், மூலிகை பறித்து விறகு சுமந்து வர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்க்கவும் பெண்கள், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் கூலி எழுதப்பட்டிருக்கிறது. நோயாளிக்கான அரிசி, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள், இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய் எல்லாம் உண்டு. விடுதி மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைக்கூட விடவில்லை.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உக்கலில் ராஜராஜனின் பணியாளர் கண்ணன் ஆரூரன் பெருவழியோரம் கிணறும் தொட்டியும் அமைத்துத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். நீர் இறைப்பவருக்கு நெல், பந்தலில் நீர் ஊற்றித் தருபவருக்கு நெல் என்பதோடு நிற்கவில்லை. பானை கொடுக்கும் குயவருக்கு ஒரு பங்கு. கிணறும் தொட்டியும் இடிந்தால் பழுதுபார்க்க ஒரு பங்கு. பானை உடையும் என்பதைத் தண்ணீர்ப் பந்தல் வைத்து நடத்தியவர்தான் அறிவார்.

இன்றைய நிலை வேறு. கம்பெனிகள் சட்டம் 2013இன்படி சமூகப் பொறுப்புச் செலவில் நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு ஐம்பது சதவீதம் வரை இருந்த வரம்பு 2020 திருத்தத்தில் இருபதாகக் குறைந்தது. முறைகேட்டைத் தடுப்பது நோக்கம், அது நியாயமானதுதான். ஆனாலும் கணக்கெழுதுபவரின் சம்பளத்தையும் அலுவலக வாடகையையும் வீண் செலவைப்போலப் பார்க்கும் மனப்பான்மை கொடையாளர்களிடம் ஊறிவிட்டது. மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு நிதி கிடைக்கும்; கணினி வாங்கலாம், கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம். நான்காம் ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் ஒரு மூலையில் இருக்கும். அதற்கு ஏதோ ஒரு பதில் எழுதப்படும். மூலநிதி என்று தனியாகத் தருகிறவர்கள் அபூர்வம். திருமுக்கூடல் கல்வெட்டை ஒரு திட்ட அறிக்கையாக இன்று அனுப்பினால், நாவிதருக்கும் விறகுக்காரருக்கும் சிவப்புக் கோடு விழுந்துதான் திரும்பி வரும்.

கணக்குக் கேட்பதில் சோழர்கள் தளர்வாக இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் இருக்கும் கடுமையான விதி ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு, காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் நிர்வாகத்தைச் சாலியர் சேரிகளிடம், அதாவது நெசவாளர்களிடம், ஒப்படைக்கிறது. திருவிழா முடிந்த கையோடு கோயில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஆவணங்களைக் காப்பதிலும் அதே கண்டிப்பு. செங்கல் கோயிலை இடித்துக் கருங்கல்லில் எழுப்பும்போது பழைய கொடைச் சாசனங்கள் அழிந்துவிடுமே? திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி திருப்பணி செய்தபோது பழைய வாசகங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார்; இது பழங்கல்லின் படி என்ற குறிப்போடு. திருமழபாடியில் ராஜராஜன் விமானத்தைப் புதுப்பிக்க ஆணையிட்டபோது பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். மகன் ராஜேந்திரன் காலத்தில்தான் அவை மறுபடி கல்லேறின.

இவ்வளவும் இருந்தும் அந்த விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கவில்லை. அறத்தைக் காத்தவரின் பாதம் என் தலைமேல் என்று கொடையாளர் எழுதினார். அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்யப்பட்ட பாவமெல்லாம் சுமப்பான் என்றும் எழுதினார். சாபம் வசூல் அதிகாரியாக வேலை செய்யாது. தஞ்சைக் கோயிலுக்கு ஈழத்து ஊர்களிலிருந்தும் வருவாய் எழுதி வைத்திருந்தான் ராஜராஜன். 1070 வாக்கில் சிங்கள மன்னன் விஜயபாகு சோழர்களை அங்கிருந்து விரட்டிய பிறகு அந்த நெல்லை யாரிடம் கேட்பது? கடன் வாங்கிய சபைகளே பிற்காலத்தில் கலைந்தன. பிணை நின்ற குடும்பங்கள் எங்கெங்கோ போயின. கல் அப்படியே இருந்தது. கல்லைக் காட்டிக் கேட்கும் ஆளும், கேட்டால் பதில் சொல்லும் ஆளும் இல்லாமல் போனார்கள். அறத்தின் ஆயுள் முதலின் அளவைவிட இந்த இரண்டு ஆட்களையே அதிகம் சார்ந்திருந்தது.

நிலக் கொடைகள் மட்டும் இனாம்களாகத் தேய்ந்து நீடித்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1817இன் ஏழாம் ஒழுங்குவிதி மூலம் கோயில், சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கான அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. பிற மதக் கோயில்களைக் கிறிஸ்தவ அரசு நிர்வகிப்பதா என்ற எதிர்ப்பு கிளம்பவே மெல்லக் கையைக் கழுவியது. 1863 சட்டம் அந்த விலகலை உறுதி செய்தது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பச்சையப்ப முதலியாரின் பணம் சென்னை நீதிமன்றத்தில் கிடந்தது. 1794இல் நாற்பது வயதில் இறந்த அந்த வணிகர் கோயில் அறங்களுக்கும் தருமங்களுக்கும் பெருஞ்செல்வத்தை உயிலில் எழுதி வைத்திருந்தார். அவர் எண்ணியது ஊர்ச் சபைகள் இல்லாத காலத்தின் சாவா மூவாப் பேராடு. ஆனால் மேய்ப்பவர் யார் என்பதில் தகராறு. உறவினரும் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நிற்க, நீதிமன்றம் அறங்காவலர்களை அமர்த்தித் திட்டம் வகுத்தது. செலவழியாமல் குவிந்திருந்த வட்டியில் பெரும்பகுதி கல்விக்குத் திருப்பப்பட்டது. பச்சையப்பன் பள்ளி 1842 ஜனவரி 1 அன்று திறந்தது. பணம் வைத்தவர் இறந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன.