‘அந்த’ மாத்திரை போட்ட மறுநாள் முதுகுவலியா? அக்குபங்சருக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சனிக்கிழமை ராத்திரி மாத்திரை போட்டாச்சு. ஞாயிறு காலையில எந்தப் பிரச்னையும் இல்லை. மதியம் சாப்பிட்டுட்டு கொஞ்சம் சாயலாம்னு படுத்தா, இடுப்புல ரெண்டு பக்கமும் கனமா ஒரு வலி. பின்புறம், தொடை வரைக்கும் இழுக்குது. எழுந்து நடந்தா பரவாயில்லை, படுத்தா கூடுது. நீங்க ஜிம்மைத் திட்டுவீங்க, பைக் சீட்டைத் திட்டுவீங்க. மாத்திரை மேல சந்தேகமே வராது. அதைப் போட்டுத்தான் அரை நாளுக்கு மேல ஆகிடுச்சே!

ஆனா, டடாலஃபில் மாத்திரையால வர்ற முதுகுவலி அப்படித்தான் வரும். மாத்திரை போட்டு 12 முதல் 24 மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ள தானாகவே போயிடும். மருந்துக்கான அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இது இருக்கு. 20 மி.கி. டோஸ் எடுத்தவங்கள்ல நூற்றுக்கு 6 பேருக்கு முதுகுவலி வந்திருக்கு. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 3 பேருக்கு.

விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு (‘ஆண்மைக்குறைவு’ங்கிற வார்த்தையைக் கண்டுபிடிச்சவர் மேல எனக்குக் கோபம் உண்டு. இதுக்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்?) முதல்ல வந்த மாத்திரை சில்டெனாஃபில், 1998-ல. நாம வயாக்ரான்னு சொல்றது அதைத்தான். அமெரிக்காவில் 2003-ல் அனுமதி வாங்கியது டடாலஃபில். ரெண்டும் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தைக் கூட்டுற வேலையைத்தான் செய்யுது. வித்தியாசம், உடம்புல தங்கும் நேரம். சில்டெனாஃபில் சுமார் 4 மணி நேரத்தில் பாதியாகக் குறைஞ்சிடும். டடாலஃபில் பாதியாகவே 17 மணி நேரத்துக்கு மேல ஆகும். 36 மணி நேரம் வரைக்கும் பலன் இருக்கிறதால ‘வீக்எண்ட் மாத்திரை’ன்னு அதுக்குப் பேரு. தலைவலி, முகம் சிவக்கிறது சில்டெனாஃபில்ல அதிகம்னா, தசைவலியும் முதுகுவலியும் டடாலஃபில்ல அதிகம்.

ஏன் முதுகு? பிடிஇ11-னு ஒரு என்சைம் தசைகள்ல இருக்கு, டடாலஃபில் அதையும் லேசா தடுக்குது, அதனால இருக்கலாம்னு ஒரு சந்தேகம் நிலவுது. இன்னும் உறுதியாகலை. ஆறுதலான விஷயம், வலி வந்தவங்களைச் சோதிச்சப்போ தசைச் சேதமோ, கிட்னி பாதிப்போ பெரிசா எதுவும் தெரியலை.

சரி, அக்குபங்சருக்கு வருவோம்.

முதுகுவலிக்கு அக்குபங்சர் பத்தின ஆய்வுகள்ல முக்கியமான ஒண்ணு ஜெர்மனியில் நடந்தது. 2007-ல் வெளியாச்சு. நாள்பட்ட முதுகுவலியோட இருந்த 1,162 பேரை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு, முறையான அக்குபங்சர் எடுத்தவங்கள்ல 47.6 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம். வழக்கமான மருந்து, உடற்பயிற்சி சிகிச்சை எடுத்தவங்கள்ல 27.4 சதவிகிதம்தான். அட, சூப்பர்ல? இருங்க. மூணாவது குழுவுக்கு, அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்கள்ல மேலோட்டமா ஊசி குத்தினாங்க. அவங்கள்ல 44.2 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம்! அப்போ வேலை செய்தது புள்ளியா, ஊசியா, அரை மணி நேரம் அமைதியா படுத்திருந்ததா?

இந்தக் குழப்பம் நிபுணர்களுக்கும் உண்டு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் முதுகுவலிக்கு அக்குபங்சர் வேண்டாம்னு சொல்லிச்சு. மறு வருஷமே அமெரிக்க டாக்டர்கள் அமைப்பு ஒண்ணு, மருந்தில்லா சிகிச்சைகள்ல இதையும் முயலலாம்னு சொல்லிச்சு.

இதெல்லாம் பெரும்பாலும் வாரக்கணக்குல, மாசக்கணக்குல நீடிக்கிற வலிக்கான கணக்கு. உங்களோடது ரெண்டு நாள் வலி. ஞாயிறு மதியம் வலி ஆரம்பிக்குது, திங்கள் சாயங்காலம் ஊசி குத்திக்கிறீங்க, செவ்வாய் காலையில வலி இல்லை. ஊசிதான் சரிபண்ணுச்சுன்னு தோணும். நீங்க சீரியல் பார்த்துட்டுப் படுத்திருந்தாலும் அது போயிருக்கும். அடுத்த மாத்திரைக்கு மறுபடியும் வரும். ‘பத்து சிட்டிங் பேக்கேஜ்’ல காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

அதைவிடச் சுலபமான வழி, மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட சொல்றது. டோஸைக் குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம். வலிக்கு பாராசிட்டமால் போதுமான்னு அவரே சொல்வார். கூச்சப்பட்டு மெடிக்கல் ஷாப்புல நேரா வாங்கினவங்களுக்குத்தான் இங்க சிக்கல், கேட்க ஆளில்லை. சட்டப்படி இது சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. விறைப்புப் பிரச்னை சில சமயம் சர்க்கரைநோய், இதயநோயோட முதல் அறிகுறியாவும் இருக்கும். அதுக்காகவாவது ஒரு டாக்டரைப் பாருங்க.

‘நான் மாத்திரையே போடலை, மூலிகை கேப்ஸ்யூல்தான்’னு சொல்றீங்களா? ‘நூறு சதவிகிதம் இயற்கை’ன்னு விக்கிற பல கேப்ஸ்யூல்கள்ல சில்டெனாஃபிலும் டடாலஃபிலும் ரகசியமா கலந்திருக்கிறதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கு. மறுநாள் முதுகுவலி வந்தா, அந்த டப்பா மேலயும் சந்தேகப்படுங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் அக்குபங்சர் வேணும்னா, போங்க. தேர்ந்த ஆள் செய்தா ஆபத்து குறைவுதான். ஊசி புதுசா, உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க முன்கூட்டியே சொல்லணும். நம்ம ஊர்ல ஊசியே இல்லாம விரலால தொட்டு சிகிச்சை செய்றவங்களும் இருக்காங்க. மேலே சொன்ன ஜெர்மனி ஆய்வு அதுக்குப் பொருந்தாது. ‘எல்லா இங்கிலீஷ் மருந்தையும் நிறுத்துங்க’ன்னு யாராவது சொன்னா, பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்தாம, அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்க.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. முதுகுவலியோட கால் மரத்துப்போறது, தொடைகளுக்கு நடுவுல உணர்ச்சி இல்லாம இருக்கிறது, சிறுநீர் கட்டுப்பாடு போறது, இதுகூட திடீர்னு விறைப்பும் போறதுன்னா, அது தண்டுவட நரம்புகள் நசுங்குறதோட அறிகுறியா இருக்கலாம். அன்னைக்கே எமர்ஜென்சி வார்டு. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல இறங்காம இருந்தாலும் அதேதான். நெஞ்சுவலி வந்தா, டடாலஃபில் எடுத்ததை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரையை அதோட சேர்த்தா ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். கடைசி டோஸுக்கு அப்புறம் குறைஞ்சது 48 மணி நேரம் இந்த எச்சரிக்கை பொருந்தும், முதுகுவலி போயிருந்தாலும்.